சக்கரம் சுழலும், கார் நகராது

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கிள்ளான் வரைக்கும் போய் வருகிறவர்கள், சாலை பிரியும் இடங்களிலும் குடியிருப்புகளுக்குப் பக்கத்துக் காலித் திடல்களிலும் தார்மீது கறுப்பு வளையங்கள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரவு நேரத்தில் இளைஞர்கள் காரை ஓரிடத்திலேயே நிறுத்திவைத்து, சக்கரத்தை மட்டும் வேகமாகச் சுழலவிட்டுப் புகை கிளப்புகிறார்கள். அந்த விளையாட்டின் தழும்புதான் அது. தோட்டத்து வீடுகளிலிருந்து பட்டணத்துக்கு வேலைக்கு வந்து, தவணையில் ஒரு கார் வாங்கிவிட்ட நம் வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

கூடாது என்று சொல்வது எளிது. பெற்றோர் சொல்லியும் ஆகிவிட்டது, பிள்ளைகள் கேட்டும் ஆகிவிட்டது. இன்றைக்கு நான் அந்த வேலையைச் செய்யப் போவதில்லை. அந்தச் சில நிமிடங்களில் காருக்குள்ளே என்ன நடக்கிறது, எந்த வகைக் காரில் எந்த உறுப்பு அடி வாங்குகிறது என்பதைப் பொறுமையாகப் பார்ப்போம். இயந்திரத்தைப் புரிந்துகொண்டவன் அதை வதைக்க மாட்டான் என்பது என் நம்பிக்கை.

முதலில் ஓர் எளிய கணக்கு. எஞ்சின் முழு வேகத்தில் சுற்றுகிறது. கார் நிற்கிறது. அப்படியானால் எஞ்சினுக்கும் சாலைக்கும் நடுவே எங்கேயோ ஒன்று வழுக்கியாக வேண்டும். அந்த இடம் கிளட்சாக இருக்கலாம், தானியங்கிக் கியர்பெட்டியின் எண்ணெயாக இருக்கலாம், சாலையைத் தொடும் டயராக இருக்கலாம். எது வழுக்குகிறதோ அது சுடும். எஞ்சின் கொடுத்த சக்தி எங்கும் மறைந்துவிடாது. வழுக்குகிற இடத்தில் அத்தனையும் சூடாக மாறும். இன்றைய உரை முழுவதற்கும் இந்த ஒரு விஷயம் போதும்.

டயர் எப்படிச் சாலையைப் பிடிக்கிறது? கனமான அலமாரியைத் தள்ளி நகர்த்தியவர்களுக்குத் தெரியும். முதலில் அசைப்பதற்குத்தான் பெரும்பாடு. அசைந்து வழுக்கத் தொடங்கிவிட்டால் அதைவிடக் குறைந்த பலம் போதும். டயரும் அப்படித்தான். ஒழுங்காக உருளும் சக்கரத்தில், தரையைத் தொடுகிற பகுதி அந்தக் கணத்தில் தரையோடு நின்றுவிடுகிறது. நாம் நடக்கும்போது பாதத்தை ஊன்றுவது போல, டயர் தன் பாதத்தை ஊன்றி ஊன்றிப் போகிறது. அந்தப் பாதம் ஒரு டயருக்கு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம்தான். ஒரு குடும்பமே உட்கார்ந்து போகிற காரை நான்கு உள்ளங்கைகள் தாங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் வழுக்கிச் சுழலத் தொடங்கினால் ஊன்றுதல் போய்விடுகிறது. முன்னே தள்ளும் பிடிப்பு குறைவதோடு, பக்கவாட்டுப் பிடிப்பும் பெரும்பாலும் போய்விடும். நேராக நின்ற கார் திடீரென்று வாலை வீசித் திரும்புவது இதனால்தான். சுற்றி நின்று கைப்பேசியில் படம் பிடிக்கிறவர்கள் அந்த வால் எந்தப் பக்கம் வரும் என்று அறிய முடியாது. ஓட்டுகிறவனுக்கும் அது தெரியாது.

இனிக் கார் வகைகளுக்கு வருவோம்.

பெரியவர்களுக்கு மோரிஸ் மைனர், டட்சன் 120 ஒய், பழைய டொயோட்டா கொரோலா ஆகியவை நினைவிருக்கும். இவற்றில் எஞ்சின் முன்னால் இருக்கும். நீண்ட தண்டு ஒன்று காருக்கு அடியில் ஓடிப் பின்சக்கரங்களைத் திருப்பும். இது பின்சக்கர இயக்கம். கார் வேகமெடுக்கும்போது பாரம் பின்பக்கம் சாயும். தோட்டத்து லோரி சட்டென்று கிளம்பும்போது மேலே நிற்கிறவர்கள் பின்னால் சாய்வார்களே, அதே சங்கதிதான். பாரம் கூடினால் பிடிப்பும் கூடும். ஆகவே பின்சக்கர இயக்கமுள்ள கார் இயல்பாகவே கிளம்புவதில் கெட்டி. ஆனால் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பின்சக்கரங்களைச் சுழற்றினால் முன்பகுதி நங்கூரம் போல் நிற்கும், பின்பகுதி மட்டும் ஆடும். இந்த வித்தைக்கு இளைஞர்கள் இன்றும் நாற்பது வயதைத் தாண்டிய கொரோலாக்களைத் தேடி அலைவதற்கு இதுதான் காரணம். அந்த வண்டிகளில் பின் அச்சும் தண்டின் மூட்டுகளும் முதலில் தேயும்.

1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்தது. 1994இல் பெரோடுவா கஞ்சில், 2005இல் மைவி. நம் வீடுகளுக்கு முன்னால் நிற்கிற கார்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. எஞ்சின், கியர்பெட்டி, இழுக்கும் சக்கரம் எல்லாம் முன்னாலேயே அடங்கிவிடும். இடம் மிச்சம், விலையும் குறைவு. ஆனால் வேகமாகக் கிளம்பினால் பாரம் பின்னால் போவதால் முன்சக்கரம் லேசாகிவிடுகிறது. மழையில் மேட்டில் நின்று கிளம்பும்போது, யாரும் கேட்காமலேயே சாகாவின் முன்டயர் கிரீச்சிட்டுச் சுழல்வது இதனால்தான்.

புகை கிளப்ப நினைக்கும் பையன் இந்தக் காரில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுகிறான். ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே அரைத்துக்கொள்ளும். இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. முன்சக்கர இயக்கமுள்ள காரில் முன்டயர்களுக்கு மூன்று வேலை: காரை இழுப்பது, திருப்புவது, பிரேக் போடும்போது பெரும்பங்கு தாங்குவது. அவற்றை இரவில் தேய்த்துவிட்டு, காலையில் அதே காரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு மழையில் கிள்ளான் மருத்துவமனைக்குப் போகிறான். டயரின் பூவேலை, அதாவது அந்த வரிப்பள்ளங்கள், சாலைத் தண்ணீரை வெளியேற்றுவதற்காக வெட்டப்பட்டவை. சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். புதிய டயரில் அது ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இருக்கும். ஒழுங்காக ஓட்டினால் ஆண்டுக்கணக்கில் தேய வேண்டிய இந்த ஆறு மில்லிமீட்டரைச் சில நிமிடங்களில் தின்றுவிட முடியும்.

அடுத்து டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரப் பெட்டி. பட்டறைகளில் அடிக்கடி காதில் விழுந்தாலும் இதை விளக்கிச் சொல்பவர்கள் குறைவு. ஆகவே சற்று நின்று பார்ப்போம். கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதற்கு இடம் கொடுப்பது இந்தப் பெட்டி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு: எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவோ, அந்தச் சக்கரம் சுழன்றுகொண்டிருக்க, மற்றது சும்மா நிற்கும். திடலில் கிடக்கும் கறுப்புக் கோடுகளில் பல ஒற்றைக் கோடாக இருப்பதைப் பார்த்தால் தெரியும். சாதாரணக் காரில் ஒரு பக்கத்து டயர்தான் எரிகிறது.

ஒரு சக்கரம் நின்று மற்றது சுழலும்போது, சுழல்கிற சக்கரம் வேகமானி காட்டுவதைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். முள் 60இல் நின்றால் அந்த டயர் 120இல் ஓடுகிறது. முள் 90 காட்டினால் 180. டயரோ ஓரிடத்திலேயே நிற்பதால் காற்றோட்டம் இல்லை, சூடு தணிய வழியில்லை. சில நொடிகளில் உள்ளிருக்கும் கம்பியும் நைலான் நூலும் பிரிந்து டயர் வெடித்துவிடலாம். அதனால்தான் டயர் செய்கிறவர்கள் சிக்கிக்கொண்ட காரில்கூட முள் 55 கிலோமீட்டரைத் தாண்டும்படி சக்கரத்தைச் சுழற்றாதீர்கள் என்று எச்சரிக்கிறார்கள்.

இது புகை விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும் உரிய எச்சரிக்கை என்று எண்ணிவிட வேண்டாம். மழைக்காலத்தில் செம்பனைக் காட்டுச் செம்மண் சேற்றில் கார் மாட்டிக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? ஒருவர் எண்ணெயை அழுத்துகிறார், நான்கு பேர் பின்னால் நின்று தள்ளுகிறார்கள், ஒரு சக்கரம் கிர்ரென்று சுற்றிக் குழி பறிக்கிறது. அந்தச் சக்கரத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகளை எட்ட நிறுத்துங்கள். காய்ந்த செம்பனை மட்டையோ, பழைய சாக்கோ, பலகையோ சுழலும் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, இரண்டாவது கியரில் மெதுவாகக் கிளட்சை விட்டால் பெரும்பாலும் ஏறிவிடும். எண்ணெயை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும்.

நான்கு சக்கர இயக்கத்தில் எஞ்சினின் சக்தி நான்கு டயர்களுக்கும் பிரிகிறது. காரின் பாரம் முழுவதும் பிடிப்புக்கு உதவுகிறது. தோட்டத்து மேனேஜர்கள் ஹைலக்ஸ் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். இந்த வகைக் காரில் தார் சாலையில் நான்கு சக்கரத்தையும் சுழற்றிப் புகை விடுவது எளிதல்ல. டயர் வழுக்க மறுத்தால் நாம் முதலில் போட்ட கணக்கின்படி வேறொன்று வழுக்கியாக வேண்டும்: கிளட்ச் கருகும், அல்லது நடுப் பற்சக்கரப் பெட்டி நொறுங்கும். அதைச் செய்வது ஆகச் செலவான முட்டாள்தனம்.

நான்கு சக்கர இயக்கத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர் நம் நாட்டு ஓட்டுநர் கரம்ஜித் சிங். 2002ஆம் ஆண்டு உலக ராலிப் போட்டியின் உற்பத்திக் கார் பிரிவில், புரோட்டோன் பெர்ட் என்னும் காரில், பக்கத்தில் ஆலன் ஓ வழிகாட்ட, அவர் உலகப் பட்டம் வென்றார். கூழாங்கல் சாலையிலும் பனியிலும் சக்கரம் கட்டுப்பாடின்றி வழுக்கினால் வேகம் வீணாகும். அவருடைய திறமை டயரைப் பிடிப்பில் வைத்திருப்பதில் இருந்தது.

இனிக் கியர்பெட்டி. கையால் கியர் மாற்றும் காரில் எஞ்சினை உறுமவிட்டு, கிளட்சை ஒரே அடியாக விடுவார்கள். அந்த அடி கியர்பெட்டியிலும் தண்டின் மூட்டுகளிலும் சம்மட்டிபோல் இறங்கும். பயந்துகொண்டு பாதி கிளட்சில் பிடித்தால் கிளட்ச் தகடு கருகும். அந்த நெடியை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

தானியங்கி கியர்பெட்டியில் தகட்டுக் கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வேலை செய்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? அங்கே காற்று, இங்கே எண்ணெய். ஒரு காலால் பிரேக்கையும் மறுகாலால் எண்ணெயையும் அழுத்தினால், ஒரு விசிறி சுற்ற, மற்றது நிற்க, நடுவிலுள்ள எண்ணெய் கொதிக்கத் தொடங்கும். பட்டறைக்காரர்கள் சோதனைக்காக இப்படிச் செய்யும்போதுகூடச் சில நொடிகளுக்கு மேல் பிடிப்பதில்லை. எண்ணெய் ஒருமுறை கருகிவிட்டால் உள்ளிருக்கும் தகடுகளும் ரப்பர் வளையங்களும் அதன் பின்னாலேயே போகும்.

2021 முதல் மைவியில் வருகிற சி.வி.டி. வகை இன்னும் மென்மையானது. அதில் பற்சக்கரங்களோடு உலோகப் பட்டை ஒன்று இரண்டு உருளைகளுக்கு நடுவில் ஓடுகிறது. டயர் சுழன்றுகொண்டிருந்து திடீரென்று சாலையைப் பற்றிக்கொண்டால், அந்த அதிர்ச்சி பட்டைக்குப் போகும். பட்டை உருளைமேல் ஒருமுறை வழுக்கிக் கீறிவிட்டால் பெட்டியையே மாற்றும்படி ஆகலாம். புதிய கார்களில் சக்கரம் வழுக்கினால் எஞ்சினின் வேகத்தைத் தானாகவே குறைக்கும் மின்னணு ஏற்பாடு இருக்கிறது. பையன்கள் முதலில் செய்வது அதன் பொத்தானை அணைப்பதுதான்.

புகைக்கு வருவோம். அது எங்கிருந்து வருகிறது என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1839இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உருகாத, இழுத்தால் மீள்கிற பொருளாவதைக் கண்டுபிடித்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் மலாயாக் காடுகள் பால் காடுகளாயின; நம் முன்னோர்கள் கப்பலேறினார்கள். பெட்டாலிங் ஜெயா நகரமே 1950களில் எஃபிங்ஹாம் தோட்டத்து நிலத்தில் எழுந்தது. அந்நகரில் டன்லப் டயர்த் தொழிற்சாலை வந்தது. ஷா ஆலாமில் குட்இயர் தொழிற்சாலை 1972 முதல் 2024 வரை டயர் செய்தது. மரத்தடியில் உளியோடு நின்றவர்களின் பிள்ளைகள் டயர் அச்சுக்கு முன்னால் நின்றார்கள்.

தொழிற்சாலையில் ஏறத்தாழ 150 பாகைக்கு மேல் சூடாக்கி ரப்பரையும் கந்தகத்தையும் பிணைக்கிறார்கள். அந்தப் பிணைப்பு ஒரு வழிப் பாதை. டயரை மறுபடி சூடாக்கினால் மெழுகுபோல் உருகிப் பழைய பாலாகாது. அளவுக்கு மேல் சூடேறினால் பிணைப்புகள் அறுந்து, கலந்திருக்கும் எண்ணெய் ஆவியாகி, நாம் காணும் வெண்புகையாக வரும். அதில் கந்தகமும் கரித்தூளும் இருக்கின்றன. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் அந்தப் புகைக்குள் நிற்கக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறிய காரின் டயர் 8 கிலோ இருக்கும் என்று வைப்போம். அதில் இயற்கை ரப்பர் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 1,600 கிராம். ஒரு மரத்தை ஒருநாள் சீவினால் மங்கில் வடியும் பாலில் காய்ந்த ரப்பர் 40 கிராம் என்று கொள்வோம். ஒரு டயருக்கு நாற்பது மரம். விடியற்காலை பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கோடு நாற்பது மரம் சீவி, நாற்பது மங்கு பால் எடுத்து, வாளியில் தூக்கி வந்து நிறுத்தவர்களுக்கு இந்தக் கணக்கின் எடை தெரியும். அது பையனின் பாட்டியாகவும் இருக்கலாம்.

சக்கரம் சுழன்று புகைவதற்கு நியாயமான இடங்களும் உண்டு. சிப்பாங் விமான நிலையத்தில் விமானம் இறங்கும்போது சக்கரத்தடியில் வெண்புகை எழுவதைப் பார்த்திருப்பீர்கள். நின்றிருக்கும் சக்கரம் மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் தரையைத் தொடுகிறது. அந்த ஒரு கணத்தில் டயர் வழுக்கி எரிகிறது. சூட்டைத் தாங்கும் என்பதால் விமான டயரில் இயற்கை ரப்பரே பெரும்பங்கு. அதே சிப்பாங்கில் 1999 முதல் 2017 வரை பார்முலா ஒன் பந்தயம் நடந்தது. பந்தயம் தொடங்குமுன் ஓட்டுநர்கள் சக்கரத்தைச் சற்றே சுழற்றுவார்கள். பந்தய ரப்பர் சூடானால்தான் ஒட்டும். அங்கே வேலி உண்டு, தீயணைப்பு வண்டி உண்டு, மருத்துவர் உண்டு, ஒரு பந்தயத்துக்குப் பல ஜோடி டயர் வாங்கிக் கொடுக்கும் நிறுவனமும் உண்டு.

பொதுச் சாலையில் இதைச் செய்தால், 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆம் பிரிவு இருக்கிறது. அபாயகரமாக ஓட்டியதாகத் தீர்ப்பானால் 5,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்கலாம். பந்தயம் விட்டபோது நேர்ந்த சேதத்துக்குக் காப்புறுதி பொதுவாகப் பணம் தராது. கார் உடைந்து கிடந்தாலும் வங்கித் தவணை நிற்காது. ஒன்பது ஆண்டுத் தவணைக் கடனில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அநேகமாக அப்பாவாகத்தான் இருப்பார்.

கடைசியாக, பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு. முந்தியவர் அந்தக் காரை எப்படி ஓட்டினார் என்பதைக் கார் தானே சொல்லும். சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உட்புறத்தில் கையை விட்டுத் தடவுங்கள். ரப்பர்த் துகள் தார்போல் ஒட்டிக் காய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். முன்டயர் இரண்டில் ஒன்று மட்டும் அதிகமாகத் தேய்ந்திருக்கிறதா, ஒன்று மட்டும் புதிதா என்று பாருங்கள். முன்சக்கர இயக்கமுள்ள காரை, திறந்த இடத்தில் ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து மெல்ல ஓட்டினால் டக், டக் என்று சத்தம் வரக் கூடாது. வந்தால் தண்டின் மூட்டு தேய்ந்திருக்கிறது. கைகியர் காரில் மேல் கியரில் போகும்போது எண்ணெயை அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. தானியங்கி கார் என்றால், கியர் எண்ணெயை வெள்ளைத் துணியில் தொட்டுக் காட்டும்படி பட்டறைக்காரரைக் கேளுங்கள். பல கார்களில் அது சிவப்பாகத் தெளிந்திருக்கும். காப்பிபோல் கறுத்துத் தீய்ந்த நெடி அடித்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பாருங்கள். கை தோள் வரைக்கும் வருகிறதென்றால் பின் பிரேக்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.